மண்ணைச் சுத்தம் செய்யச் செய்ய நாற்று ஏன் சாகிறது?

கேள்வி: பூங்காவில் வாடகைக்கு ஒரு பாத்தி எடுத்துத் தண்டுக்கீரையும் தக்காளியும் விதைத்தேன். முளைத்த சில நாள்களில் அடித்தண்டு நூலாகச் சுருங்கி நாற்றுகள் சாய்கின்றன. பழைய மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, கிருமி நீக்கிய மண் மூட்டை வாங்கிப் போட்டேன். வெந்நீர் ஊற்றினேன். கடைக்காரர் கொடுத்த பூஞ்சைக்கொல்லியும் ஊற்றினேன். இப்போது முன்பைவிட மோசம். வேறு என்ன மருந்து வாங்கலாம்?
– சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: அம்மா, இது நாற்றழுகல். இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்கிறது என்றால் பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமியின் வேலை. மருந்து வாங்காதீர்கள். விதையை நெருக்காமல் இடைவெளி விட்டுத் தூவுங்கள். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்; மாலைக்குள் மேல்மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் நீந்திப் பரவும் நுண்வித்துகள் பித்தியத்துக்கு உண்டு. ஆகவே டிசம்பர் மழையில் நாற்றுத் தட்டு கூரைக்கு அடியில் இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. இத்தனை சுத்தம் செய்தும் நோய் ஏன் கூடியது?

ஓர் உயிர் எங்கே வாழும் என்பதை வெயிலும் ஈரமும் மட்டும் முடிவு செய்வதில்லை. ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் இரண்டு வகைக் கொட்டலசுகள் உண்டு; பாறையில் ஒட்டியே வாழும் சின்ன ஓட்டுயிர்கள் அவை. சிறிய வகை பாறையின் மேல்பகுதியில் மட்டுமே காணப்பட்டது. ஜோசப் கானெல் என்ற ஆய்வாளர் கீழே இருந்த பெரிய வகையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். சிறியது கீழேயும் நன்றாகவே வாழ்ந்தது. பெரியது அதன்மேல் படர்ந்தும் அடியில் நெம்பியும் அதுவரை அழித்துவந்திருக்கிறது. 1961இல் வெளிவந்த ஆய்வு இது.

உங்கள் பாத்தியில் அந்தப் பெரிய வகையின் இடத்தில் இருந்தவை மண்ணின் மற்ற நுண்ணுயிர்கள்; அவற்றைச் சுரண்டி எடுத்தது வெந்நீர். பித்தியம் வேகமாக வளரும், ஆனால் போட்டி தாங்காது. உயிருள்ள மண்ணில், முளைக்கும் விதையிலிருந்து கசியும் சர்க்கரையை மற்ற நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு தின்றுவிடும். கிருமி நீக்கிய மூட்டை ஆளில்லாத வீடு. கழுவாத தட்டிலோ மண்வெட்டியிலோ ஒட்டிவரும் பித்தியம் எதிர்ப்பே இல்லாமல் குடியேறிவிடும். இதைத் தரமான மண் என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள் உங்களுக்கு நோய்க்கு வழியையும் சேர்த்தே விற்கிறார்கள். அவர்கள் கொடுத்த மருந்து கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி என்றால் இன்னும் கொடுமை. அது பித்தியத்தை ஒன்றும் செய்யாது. பித்தியத்தை எதிர்க்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைத்தான் கொல்லும்.

உங்களுக்குத் தேவை நன்றாக முதிர்ந்த மக்கு உரம். மண்ணின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து, ஈரமாக்கி, ஓரிரு வாரம் அப்படியே விடுங்கள். உரம் முதிர்ந்ததா என்று மூக்கு சொல்லும். ஒரு கைப்பிடி பிழிந்து முகர்ந்தால் புதுமழை பட்ட மண்ணின் வாசனை வர வேண்டும். சூடு இருந்தாலோ, மூத்திர நெடி அடித்தாலோ, காய்கறித் தோல் அடையாளம் தெரிந்தாலோ போடவே கூடாது. அரைகுறையாக மக்கியது பித்தியத்துக்கே தீனியாகும். டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால், கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் கலந்து விதையுங்கள். ஆனால் அதற்கும் தங்கித் தின்ன மக்கு வேண்டும். வெறும் மண்ணில் தூவினால் காசுதான் வீண்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தட்டில் மூட்டை மண், இன்னொன்றில் அதே மண்ணோடு மக்கு. இரண்டிலும் ஒரே நாளில் ஐம்பது ஐம்பது கீரை விதை போடுங்கள். பத்தாம் நாள் நிற்கும் நாற்றுகளை எண்ணி எனக்கு எழுதுங்கள்.