கிடேப்போவுக்கு மூன்று நாள் போதாது

கேள்வி: போன வருடம் நானும் மனைவியும் மசாய் மாரா போனோம். ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டிகள், வெறுத்துவிட்டது. இந்த முறை கூட்டமில்லாத இடமாக உகாண்டாவின் கிடேப்போ பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்கு அம்மா (64), அப்பாவையும் (68) கூட்டிக்கொண்டு போக ஆசை. கம்பாலாவிலிருந்து வண்டியில் போய்த் திரும்ப 3 நாள் பேக்கேஜ் என்கிறார் ஏஜென்ட். மே மாதம் போகலாமா? பாதி முன்பணம் கேட்கிறார், கட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். இடம் அருமையான தேர்வு. நாள் கணக்கும் மாதமும்தான் தவறு. அதற்கும் முன்னால், உங்கள் பெற்றோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட முடியுமா என்பது தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

முதலில் நாள் கணக்கு. கிடேப்போ உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், தெற்கு சூடான் எல்லையை ஒட்டி இருக்கிறது. கம்பாலாவிலிருந்து குலு, கிட்கும் வழியாக ஏறக்குறைய 570 கி.மீ. நிற்காமல் போனாலே 10 முதல் 12 மணி நேரம். மூன்று நாள் பேக்கேஜில் முதல் நாளும் மூன்றாம் நாளும் முதுகு வலிக்க வண்டியிலேயே போய்விடும். மிஞ்சுவது காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. 68 வயதுக்காரரை இதற்காக அவ்வளவு தூரம் உலுக்கி எடுக்க வேண்டாம்.

ஆறு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் குலு அல்லது கிட்குமில் தங்கல். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பூங்காவின் மையமான அபோகா; அன்று மாலையே நாரஸ் பள்ளத்தாக்கில் ஒரு சுற்று. மூன்றாம் நாள் முழுதும் நாரஸ். நான்காம் நாள் வடக்கே கிடேப்போ ஆற்றுப் பக்கம், கனங்கொரோக் வெந்நீர் ஊற்று வரை. ஐந்தாம் நாள் காலை கிளம்பி, வழியில் ஓர் இரவு தங்கி, ஆறாம் நாள் கம்பாலா. இருட்டிய பிறகு சாலையில் இருக்கக் கூடாது என்பதை ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொரோட்டோ, கோட்டிடோ வழி அழகானதுதான். ஆனால் 700 கி.மீ.க்கு மேல் வரும். அந்த வழி போகும் கரமோஜா வட்டாரத்தில் மாடு கவரும் மோதல்கள் அவ்வப்போது தலைதூக்குவதும் உண்டு. பெரியவர்களோடு போகிறவர்கள் கிட்கும் வழியே போய், அதே வழியே திரும்புங்கள்.

பணம் இருந்தால் கம்பாலாவுக்கு அருகிலுள்ள என்டெபே விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் அபோகா ஓடுதளத்தில் இறங்கலாம். 15 கிலோ, அதுவும் சக்கரமில்லாத துணிப்பைதான் ஏற்றுவார்கள். போதிய பயணிகள் சேராவிட்டால் விமானம் கிளம்பாது. அப்படி ரத்தானால் பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மே வேண்டாம். ஏப்ரலில் தொடங்கும் மழை ஏறக்குறைய அக்டோபர் வரை நீளும். எங்கும் தண்ணீர் இருக்கும்போது விலங்குகள் சிதறிவிடும், புல்லும் ஆளுயரம் வளர்ந்து மறைக்கும். நாரஸ் பக்கம் செம்மண், நீர் வடிந்துவிடும். கிடேப்போ ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ கருங்களி. நம் கரிசல் காட்டில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவருக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போங்கள். ஆண்டுக்குச் சராசரியாக நாரஸில் 890 மி.மீ., கிடேப்போ ஆற்றுப் பக்கம் 635 மி.மீ. மழை. ஆகவே மழையில்லாத அந்த மாதங்களில் நாரஸ் சதுப்பிலும் குட்டைகளிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். காட்டெருமை மந்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். சிங்கங்கள் பாறைக்குன்றுகளில் ஏறி அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிடேப்போ ஆறு அப்போது வெறும் மணல். கரையெல்லாம் பனை. நம் பனையின் ஆப்பிரிக்க உறவு அது. பூங்காவின் பெயரே அந்தப் பழம் பொறுக்க மக்கள் வந்ததால் அமைந்தது என்பார்கள்.

இனி ஊசி. மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. ‘காமாலைக்குத்தான் ஊசி போட்டாச்சே’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. உகாண்டாவுக்குள் நுழையச் சான்று கட்டாயம். விசா விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். மாரா போனபோது நீங்கள் இருவரும் போட்டிருந்தால் அது ஆயுளுக்கும் செல்லும். பழைய சான்றுப் புத்தகத்தில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் கவலையில்லை, 2016இல் விதி மாறிவிட்டது.

சிக்கல் உங்கள் பெற்றோருக்கு. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடும்போது, அரிதாகத்தான் என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் விலக்குக் கடிதம் தருவார். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று ஏஜென்ட் சொல்வார், தீராது. அந்தக் கடிதத்தை ஏற்பதா என்பது ஒவ்வொரு விமான நிலையத்திலும் சுகாதார அதிகாரியின் முடிவு. என்டெபேயில் ஒருவர் ஏற்கலாம். திரும்பும்போது, உகாண்டாவை விட்டு ஆறு நாளுக்குள் செல்லத்தக்க சான்றில்லாமல் இந்தியாவில் இறங்கினால், அந்த ஆறு நாளில் மிச்சமுள்ளதைத் தனிமை முகாமில் கழிக்க நேரலாம். கடிதத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள், துபாய் போல மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லாத ஊரில் ஆறு நாள் கழித்துவிட்டு இந்தியா வருவது பாதுகாப்பு. அதற்கான செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் உட்பட அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள். மையத்தைப் பொறுத்துத் தினமும் போடாமல் இருக்கலாம், முன்பதிவு கிடைக்க நாளாகலாம். மக்களை இப்படி அலையவிடுவதால்தான் ஊசியே போடாமல் மஞ்சள் புத்தகம் விற்கும் தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் பயணமும் போகும், வழக்கும் வரும். காட்டில் காய்ச்சல் வந்தால் போலிப் புத்தகம் உயிரைக் காக்காது.

விசா: உகாண்டா அரசின் சொந்தத் தளத்தில் 50 டாலரும் சிறு பரிவர்த்தனைக் கட்டணமும். அதே மாதிரி தோற்றத்தில் தனியார் தளங்கள் இரட்டிப்புப் பணம் கறக்கின்றன. முகவரி அரசுக்குரியதா என்று பாருங்கள். உகாண்டா மட்டும் போகிறவர் தலையில் 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டு விசாவைக் கட்டுவது இன்னொரு வேலை. கென்யாவோ ருவாண்டாவோ சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

‘எல்லாம் உட்பட’ என்ற ஒற்றைத் தொகையை ஏற்காதீர்கள். பூங்கா நுழைவு, தங்குமிடம், வண்டி, டீசல், வனக்காவலர் வழிகாட்டி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குச் சுமார் 40 டாலர். நாட்காட்டி நாளுக்கு அல்ல, 24 மணி நேரத்துக்கு. மேலே சொன்னபடி இரண்டாம் நாள் மதியம் நுழைந்து ஐந்தாம் நாள் காலை வெளியேறினால் மூன்று சீட்டுதான். நான்கு நாள் என்று எழுதினால் நால்வருக்கு 160 டாலர் ஏஜென்ட் பையில். வண்டியைப் பற்றியும் ‘சஃபாரி வேன்’ என்று எழுதவிடாதீர்கள்; மேற்கூரை திறக்கும் நான்கு சக்கர இயக்க லேண்ட் குரூசர், உதிரி டயர் இரண்டு என்று இருக்கட்டும். கம்பாலாவில் வண்டி தரும் நிறுவனம் உகாண்டா சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று சங்கத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள். நம்மூர் ஏஜென்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாற்றித்தான் விடுகிறார். முன்பணம் 30 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம்.

கிட்குமில் டீசல் தொட்டியை நிரப்பி, 20 லிட்டர் கேன் ஒன்றும் ஏற்றுங்கள். ஷில்லிங் பணத்தையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். பூங்காவின் ஓய்வு முகாமில் தங்கினால் சமையலை நம்ப வேண்டாம். அரிசி, பருப்பு, காஸ் அடுப்பு, ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கம்பாலாவிலிருந்தே போகட்டும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். கிடேப்போ ஆற்றுப் பக்கம் செட்சி ஈ உண்டு. கருநீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறம், துணி வழியாகவே கடிக்கும். அப்பா வழக்கமாகப் போடும் கருநீலக் கால்சட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.