"சர்வதேச அங்கீகாரம்" என்று போட்டிருந்தால் போதுமா?

வணக்கம். மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு இஸற் புள்ளி (அனுமதிக்கான தரப்புள்ளி) காணாது, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைக்கலாம். அவளுக்கோ உயிர்மருத்துவப் பொறியியல்தான் வேண்டுமாம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டம் ஒன்றைக் கற்பிக்கிறது. 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று கையேட்டில் இருக்கிறது, கற்றல் பேறுகள் (படித்து முடிப்பவருக்கு வரவேண்டிய திறன்கள்) என்று ஒரு பக்கமும் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
– ஒரு தந்தை, கோண்டாவில்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தை ஏற்பது வேறு, அது தரும் பட்டநெறியைப் பொறியியல் படிப்பாக ஏற்பது வேறு. கையேடுகள் இரண்டையும் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடும். இரண்டாவதை இங்கே பார்ப்பது இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம். பல நாடுகளின் இத்தகைய அமைப்புகள் சேர்ந்து 1989 இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையில் அது 2014 முதல் முழு உறுப்பினர். ஓர் உறுப்பினர் ஏற்ற பட்டநெறியை மற்றவர்கள் ஈடானதாகக் கொள்வார்கள். ஒரு பீடத்தின் சிவில் பொறியியலுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறது என்பதால் உயிர்மருத்துவத்துக்கும் இருக்கும் என்றில்லை.

ஆகவே பட்டத்தின் முழுப் பெயர், ஏற்ற அமைப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, கொழும்பில் கற்பிப்பதும் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். பெயரில் 'தொழில்நுட்பம்' என்று வந்தால் கவனம்: தொழில்நுட்பவியலாளருக்கான சிட்னி உடன்படிக்கை வேறு. 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது பொய்யாக இருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் பொறியியல் பட்டநெறிகளை ஏற்கும் அமைப்பான ஏபெட், ஒருவராவது பட்டம் பெற்று வெளியேறிய பிறகே ஒரு பட்டநெறியை ஏற்கும். ஆனால் அதுவரை காத்திருப்பது உங்கள் பிள்ளை.

கற்றல் பேறுகளில் குழுவேலை, தொடர்பாடல், ஒழுக்கநெறி எல்லாப் பொறியியலுக்கும் பொது, தாண்டிப் போங்கள். உயிர்மருத்துவத்துக்கென்று ஏபெட் தனியாகக் கேட்பதில் ஒன்று, உயிருள்ள உடலில் அளவெடுத்து அந்தத் தரவை விளக்கும் திறன். அது ஆய்வுகூடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈசிஜியை எடுங்கள். மார்புத் தோலில் கிடைக்கும் சமிக்ஞை ஏறக்குறைய 1 மில்லிவோல்ற்தான். அறையின் மின்வயர்களிலிருந்து 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் உடலில் ஏறும். தோலில் ஒட்டும் இரண்டு மின்வாய்களுக்கும் அது ஒரேயளவாக வந்தால் பெருக்கி (சிறு சமிக்ஞையைப் பெரிதாக்கும் சுற்று) கழித்துவிடும். ஒன்றில் தோலோடு மின்தொடர்பு தரும் ஜெல் காய்ந்து தடை கூடினால் சமநிலை குலைந்து, இரைச்சலும் சமிக்ஞையோடு சேர்ந்து பெருகும். இதயத்தை நேரடியாகத் தொடும் கருவியென்றால் இன்னொரு கணக்கு: வழமையான நிலையில் நோயாளியூடாக 10 மைக்ரோ அம்பியருக்கு மேல் மின் கசியக்கூடாது. கணினித் திரையில் மாதிரி அலையை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, காய்ந்த ஜெல்லைக் கண்டுபிடிக்கும் கண் வராது.

கிளிநொச்சியில் மின், மின்னணுப் பொறியியல் கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். உயிர்மருத்துவத்துக்கு முதுநிலையில் திரும்பலாம், பெருக்கியும் வடிகட்டியும் அங்கும் இதே பாடம்தான். கொழும்புதான் என்று முடிவானால், மூன்றாம் ஆண்டு ஆய்வுகூடப் பரிசோதனைகளின் பட்டியல் கைக்கு வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.