‘எந்தையும் தாயும்’ பாடலின் யாப்பு

கேள்வி: பாரதியாரின் ‘எந்தையும் தாயும்’ பாடலை அசை பிரித்துப் பார்த்தேன். முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் இரண்டு, பிறகு ‘அதன்’, ‘அவர்’ என ஒட்டாமல் நிற்கும் ஒரு சொல். வெண்பாவும் இல்லை, ஆசிரியப்பாவும் இல்லை. இதற்கு யாப்பு உண்டா? ‘வந்தே மாதரம்’ என்னும் வடமொழித் தொடர் இதில் எவ்வாறு பொருந்துகிறது?

பதில்: உண்டு. தாளத்துக்கு அமைந்த சிந்து நடைப் பாட்டாதலால் அடிகள் அளவொத்திருக்க வேண்டியதில்லை; நீங்கள் ஒட்டாதது என்று கருதியது தனிச்சொல், அதாவது அடியில் சேராமல் தனியே நின்று அடுத்த அடியோடு இணைக்கும் சொல். ஆனால் அடியளவை விட்டுத் தளையை, அதாவது ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதல் அசையும் இணையும் முறையைப் பாருங்கள். (குறிலோ நெடிலோ தனித்து நிற்கும் அசை நேர்; குறிலோடு மற்றொரு குறிலோ நெடிலோ இணைந்த அசை நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். சீரின் ‘முன்’ என்பது யாப்பில் அதற்கு அடுத்து வருவதைக் குறிக்கும்.)

‘எந்தையும் தாயும் மகிழ்ந்து குலாவி / இருந்ததும் இந்நாடே’ என்பது கூவிளம், தேமா, புளிமா, புளிமா, கருவிளம், தேமாங்காய் என நடக்கிறது. விளத்தின் முன் நேரும் மாவின் முன் நிரையும் வருவதால் முழுவதும் இயற்சீர் வெண்டளை. ‘இந்நாடே’ என்ற காய்ச்சீரின் முன் நேர் வராமல் ‘அதன்’ என நிரை வரும் இடத்தில்தான் தளை தட்டுகிறது. பாடும்போது அந்த இடத்தில்தான் குரல் நீண்டு அடுத்த அடிக்குத் தாவுகிறது என்பதையும் கவனியுங்கள். மற்ற இரண்டாம் அடிகள் ‘இருந்’, ‘முடிந்’, ‘சிறந்’ என நிரையில் தொடங்க, ‘வாயுற’ மட்டும் நேரில் தொடங்குவதும் தற்செயலன்று. அதற்கு முந்திய சீர் ‘இருத்தியென்’ என விளமாக முடிந்துவிட்டது.

மோனை எளிது: எந்தை–இருந்த, முந்தை–முடிந்த, சிந்தை–சிறந்த, வந்தனை–வாயுற.

எதுகையில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கிறது. 1882இல் நூலாக வந்த பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ நாவலில் இடம்பெற்று, 1905இன் வங்கப் பிரிவினைக் கிளர்ச்சியில் முழக்கமான தொடர் ‘வந்தே மாதரம்’. ‘வந்தே’ என்ற மாச்சீரின் முன் ‘மா’ என நேர் வருவதால் வெண்டளை அங்கே முறிகிறது. எனினும் எந்தையும், முந்தையர், சிந்தையில், வந்தனை என்று நான்கு முறை ‘ந்’ எதுகையைக் கேட்டுப் பழகிய செவிக்கு, ஐந்தாவதாக வரும் ‘வந்தே’ வேற்றொலியாகப் படுவதில்லை. தளையில் விட்டதை எதுகையில் பிடித்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த இரு கண்ணிகளில் எதுகை முறையே ‘ன்’, ‘ங்’ என மாறிவிடுகிறது (இன்னுயிர், அன்னையர், மங்கையர், தங்க). ஆகவே அவற்றில் ‘வந்தே’ பல்லவியாகத் திரும்புகிறதே தவிர, முதற்கண்ணியில் போல எதுகையால் கட்டுண்டு வருவதில்லை.