செட்டாப் பாக்ஸில் பதிவு செய்ததை வேறு பாக்ஸில் பார்க்க முடியாதா?

கேள்வி: என் மகள் பாடிய டிவி நிகழ்ச்சியை, செட்டாப் பாக்ஸில் மாட்டிய ஹார்டு டிஸ்கில் பதிவு செய்திருந்தேன். பாக்ஸ் பழுதாகி, வேறு பாக்ஸ் கொடுத்தார்கள். அதில் எதுவும் ஓடவில்லை. மறு ஒளிபரப்பைத் தனி ரெக்கார்டரில் எடுக்கலாம் என்று எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் திரை கருப்பாகவே இருக்கிறது. பதிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா? இந்தப் பூட்டை உடைத்தால் குற்றமா?

பதில்: உரிமை இருக்கிறது. ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது மீறல் ஆகாது என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 39. ஆனால் இது உங்கள் மேல் வழக்கு வந்தால் காப்பாற்றுமே தவிர, பதிவு செய்ய வழிவிடு என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த உதவாது.

டிஸ்கில் இருப்பது சாதாரண வீடியோ இல்லை. பாக்ஸ் அதைப் பூட்டித்தான், அதாவது ரகசியக் குறியீடாக மாற்றித்தான், எழுதுகிறது. திறக்கும் சாவி பழைய பாக்ஸுக்குள் இருக்கிறது. கருப்புத் திரைக்குக் காரணம் எச்டிசிபி என்ற பாதுகாப்பு. வயரின் மறுமுனையில் இருப்பது அனுமதி பெற்ற கருவிதானா என்று பாக்ஸ் விசாரிக்கும். சரியான பதில் வராவிட்டால் படத்தை அனுப்பாது.

இனி உடைப்பது பற்றி. அதே சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ-யின்படி, சட்டம் பிறருக்குத் தந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்தான் உங்களுக்குப் பிடிமானம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. பெற்ற மகள் பாடியதை வீட்டில் பார்ப்பது அந்த வகைதான் என்று நான் தயங்காமல் வாதாடுவேன். ஆனாலும் நோக்கத்தை நிரூபிக்க நீதிமன்றப் படி ஏறும் நிலையை நீங்களாக வரவழைத்துக்கொள்ள வேண்டாம். வேறொருவர் உடைத்துக் கொடுத்தால், உங்கள் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் அவர் எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். புதிய பாக்ஸ் அதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பாக்ஸையே பழுது பார்த்துத் தரும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மகள் பங்கேற்ற விவரத்தைச் சொல்லி, சேனலிடமும் ஒரு பிரதி கேளுங்கள். நான் முதலில் தட்டும் கதவு அதுதான். பாக்ஸ் மாறினால் பதிவுகள் போய்விடும் என்பதைச் சொல்லாமலே பதிவு வசதியை விற்றிருந்தால், 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்கு ஒப்பந்தப் படிவமும், பாக்ஸ் மாற்றிய நாளின் ரசீதும் கையில் இருக்கட்டும்.