கட்டிய தபால் செலவை மறுபடியும் கேட்டால் என்ன செய்வது? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பொருள் வாங்கும்போதே தபால் செலவையும் சேர்த்துக் கட்டிவிட்டோம், பார்சல் வாசலுக்கு வந்ததும் மறுபடி காசு கேட்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். தபால் முகப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரிய ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. பார்சல் கொண்டுவரும் தம்பி ஒவ்வொரு தடவையும் 5 வெள்ளி (ரிங்கிட்) எண்ணெய்க் காசு கேட்கிறார். கொடுக்காவிட்டால் ஆபிஸில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா ஐயா?

வேண்டாம்மா. இணையத்தில் விற்பவர் பொருளின் முழு விலையையும் வாங்குபவருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது சட்டம். போக்குவரத்துச் செலவு, வரி, மற்ற செலவு எல்லாம் அதில் அடங்கியிருக்க வேண்டும். 2013 ஜூலை 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. உங்கள் முகவரியைக் கேட்டு வாங்கி, அதற்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். தோட்டம் உள்ளே இருக்கிறது என்று பிறகு சொல்ல முடியாது. தூரத்து இடத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்றால், அதைக் கூரியர் கம்பெனி அனுப்பியவரிடம்தான் வாங்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் சண்டை வேண்டாம். பார்சல் கணக்கில் கூலி வாங்கி, சொந்த மோட்டாருக்குச் சொந்தக் காசில் எண்ணெய் ஊற்றும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் கஷ்டம் உண்மையானது, ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது கம்பெனி. நீங்களாகப் பிரியப்பட்டுக் கொடுப்பது வேறு, கொடுத்தால்தான் பார்சல் என்பது வேறு. "கம்பெனி பேர் போட்ட ரசீது கொடுங்க தம்பி, தர்றேன்" என்று மட்டும் கேளுங்கள். முறையான கட்டணமாக இருந்தால் ரசீது வரும். முறையில்லாததாக இருந்தால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று முகவரி. தோட்டத்தின் பெயரோடு விட்டுவிடாதீர்கள். டிவிஷன், லயத்து எண், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளிக்கூடம், 31100 என்ற அஞ்சல் குறியீடு, எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண், எல்லாவற்றையும் எழுதுங்கள். முகவரி அரைகுறையாக இருந்தால் "வீடு கிடைக்கவில்லை" என்ற பழியை நம் தலையில் போடுவது சுலபம்.

கேள்வி: பார்சல் எல்லாம் தோட்டத்து மளிகைக் கடையில் வந்து இறங்குகிறது. கடைக்காரர் ஒன்றுக்கு 2 வெள்ளி வாங்குகிறார்.

அந்தக் கடை கம்பெனி நியமித்த இடமா, இல்லை கடைக்காரர் அண்ணன் உதவியாக வாங்கி வைக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கம்பெனி நியமித்ததென்றால் கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லலாம். உதவி என்றால் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஏற்பாடு. அதற்காகக் கம்பெனி மேல் புகார் போட முடியாது. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமலே அங்கே இறக்கிவிட்டுப் போனால், வீட்டில் பட்டுவாடா ஆகவில்லை என்று விற்றவரிடமும் கூரியரிடமும் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து அண்ணன் சேலை அனுப்பினார். தபால் செலவை அங்கேயே கட்டிவிட்டார். இங்கே கூரியர் கம்பெனி வரி ஒரு தொகை, "ஹேண்ட்லிங்" ஒரு தொகை என்று பில் நீட்டுகிறது. இது நியாயமா?

இதில் எல்லாமே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் கட்டியது கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி. வரி என்பது நம் நாட்டுச் சுங்கத்துறைக்குப் போவது. பொருளின் மதிப்பு 500 வெள்ளியைத் தாண்டினால் வரி வரும், அதைக் கணக்கிடும்போது தபால் செலவையும் காப்புறுதியையும் பொருள் விலையோடு கூட்டித்தான் பார்ப்பார்கள்.

பில்லைப் பார்த்ததும் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், பார்சல் மேல் ஒட்டியிருக்கும் சுங்க அறிவிப்புத் தாளைப் பாருங்கள். அனுப்பியவர் கையால் எழுதியது அது. "6000" என்று எழுதிவிட்டு ரூபாய் என்று குறிக்காமல் விட்டிருந்தால், வெறும் எண்ணைப் பார்ப்பவர் எதை நினைப்பார்? 6000 ரூபாய் நம் காசுக்கு 500 வெள்ளியைத் தொடாது. மதுரைக் கடையின் அசல் பில்லைக் கைபேசியில் அனுப்பச் சொல்லி வாங்கி, மறுமதிப்பீடு கேளுங்கள். கூடுதலாகக் கட்டிவிட்ட தீர்வையைத் திரும்பக் கேட்கச் சுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்து, வரியையும் கம்பெனிக் கட்டணத்தையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வரிக்குச் சுங்கத்துறையின் ரசீது இருக்க வேண்டும். ஹேண்ட்லிங் என்பது நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டிக் காகித வேலை பார்த்ததற்குக் கம்பெனி வாங்கும் கூலி. அது கம்பெனியின் கட்டணப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லாத பார்சலுக்கு ஹேண்ட்லிங் மட்டும் கேட்டால், என்ன வேலைக்கு என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வாயால் சொன்ன விளக்கம் பிறகு எதற்கும் உதவாது.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் 120 வெள்ளிக்குப் பொருள் வாங்கினேன். 10 விழுக்காடு வரியை அப்போதே பிடித்துக்கொண்டார்கள். பார்சல் வந்தபோது மறுபடி வரி கேட்டார்கள்.

இணையத்தில் விலைக்கு வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி 2024 ஜனவரி 1 முதல் இருக்கிறது. அதைப் பதிவு பெற்ற விற்பனையாளர் விற்கும்போதே வாங்கிக் கட்டிவிட வேண்டும். அதே வரியை வாசலில் மறுபடி வாங்கக் கூடாது. வாங்கியபோது வந்த பில்லில் வரித் தொகை தனியாகப் போட்டிருக்கும், அதைக் காட்டுங்கள்.

கேள்வி: "முகவரி சரியில்லை, 1 வெள்ளி 99 காசு கட்டினால் பார்சல் வரும்" என்று குறுஞ்செய்தி வந்தது. சின்னத் தொகைதானே என்று கட்டப் போனேன்.

தொடாதீர்கள் தங்கச்சி. அவர்களுக்கு வேண்டியது அந்த 2 வெள்ளி அல்ல, உங்கள் வங்கிக் கார்டு எண். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கையில் இருக்கும் பார்சல் எண்ணைக் கம்பெனியின் சொந்தச் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள். விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸ் ரிப்போர்ட்டும் போடுங்கள்.

கேள்வி: நான் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா 59 வெள்ளி கொடுத்து ஒரு பார்சலை வாங்கி வைத்துவிட்டார். நாங்கள் எதுவுமே ஆர்டர் செய்யவில்லை.

வீட்டில் இருக்கும் பெரியவர்களின் நல்ல மனதை வைத்து நடக்கும் மோசடி இது. பிரிக்காமல் வைத்து, பார்சல் மேல் உள்ள சீட்டைப் படம் எடுத்து, அன்றைக்கே கூரியருக்குப் புகார் கொடுங்கள். இனிமேல் "பிள்ளை சொல்லாத பார்சலுக்குக் காசு இல்லை" என்று அப்பா சொன்னால் போதும். அவரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: வீட்டில் முறுக்கு சுட்டு ஆன்லைனில் விற்கிறேன். பார்சல் எடை 2 கிலோதான். 6 கிலோவுக்குக் காசு பிடித்துவிட்டார்கள். தராசில் கோளாறா?

தராசில் கோளாறு இருக்காது, உங்கள் பெட்டியை அளந்திருக்கிறார்கள். கூரியரில் எடை, பெட்டி அடைக்கும் இடம் இரண்டையும் பார்த்து எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 6000-ஆல் வகுப்பார்கள். சில கம்பெனிகளில் 5000. உங்கள் பெட்டி 40, 30, 30 என்று இருந்தால் 36,000 வரும். 6000-ஆல் வகுத்தால் 6 கிலோ, 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. முறுக்கு உடையக்கூடாது என்று பெரிய பெட்டியில் காகிதம் அடைத்து அனுப்பினால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம். டின்னுக்கு நெருக்கமான பெட்டியாகப் பாருங்கள். 30, 20, 20 என்றால், 6000-ஆல் வகுக்கும் கம்பெனியில் 2 கிலோ கணக்கில் நின்றுவிடும்.

அவர்கள் அளந்தது தப்பு என்று தோன்றினால் ஆதாரம் வேண்டும். ஒட்டிய பெட்டியின் மேல் அளவு நாடாவை வைத்து மூன்று பக்கமும் படம், தராசில் வைத்து ஒரு படம், நான்கிலும் பார்சல் எண் தெரிய வேண்டும். கம்பெனி அசையவில்லை என்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். 2012 அஞ்சல் சேவைச் சட்டப்படி கூரியர் கம்பெனிகள் அதன் மேற்பார்வையில்தான் இருக்கின்றன. முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வைத்திருங்கள், அதைக் கேட்பார்கள்.

கேள்வி: 8 வெள்ளிக்காக டிரிபியூனல் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். 8 வெள்ளிக்கு யார் அலையப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த வசூலே நடக்கிறது. டிரிபியூனல் என்கிற பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் பொதுவாக வக்கீலை நிறுத்த முடியாது. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். மனு எழுதும் படிவத்தின் பெயர் போரம் 1. அது கையில் கிடைத்த 14 நாளில் எதிர்த்தரப்பு பதில் கொடுக்க வேண்டும். தீர்ப்பைக் குறித்த நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். மனுவை இணையத்திலேயே போடலாம்.

யார் மேல் போடுவது என்பதில் கவனம் வேண்டும். உங்களிடம் முழுக்காசையும் வாங்கியவர் விற்பனையாளர், அவர் பெயரைப் போடுங்கள், மோட்டாரில் வந்த தம்பி பெயரை அல்ல. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இங்கே தீர்ப்பு வாங்கிப் பெரிய பலன் இல்லை, அதற்கு வாங்கிய தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் வழி. முறுக்கு விற்கும் தங்கச்சியைப் போல வியாபாரத்துக்கு அனுப்புகிறவர்களையும் இந்த மன்றம் பயனீட்டாளராக எடுத்துக்கொள்ளாது.

முதலில் விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: வாங்கிய தேதி, கட்டிய தொகை, வாசலில் கேட்ட தொகை, இந்தத் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும். பல நேரம் அதிலேயே காசு வந்துவிடும்.

கேள்வி: உள்ளே அம்மாவின் மருந்து இருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பவும் முடியாது. என்ன செய்வது?

கொடுத்துவிட்டு வாங்குங்கள். மருந்துக்குப் பிடிவாதம் ஆகாது. ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் "பாயார் டெங்கான் பந்தாஹான்", அதாவது எதிர்ப்போடு கட்டுகிறேன் என்று மலாயில் எழுதி, தொகையும் தேதியும் போடுங்கள். திரையில் விரலால் கையெழுத்து என்றால், அப்போதே கம்பெனிக்கு அதே வாசகத்தைச் செய்தியாக அனுப்புங்கள். மனமொப்பிக் கட்டினீர்கள் என்று பிறகு சொல்ல அவர்களுக்கு இடம் இருக்காது. எழுதியதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு தாளைத் திருப்பிக் கொடுங்கள்.