2 வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல்: எத்தனை மி.லி. கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது, எடை 12 கிலோ. நேற்றிலிருந்து காய்ச்சல். ராத்திரி 102.4 டிகிரி இருந்தது. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுத்தால் 101-க்கு இறங்குகிறது, சில மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. நன்றாகப் போர்த்திப் படுக்க வை என்கிறார் மாமியார். ஊசி போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஃபிட்ஸ் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

பதில்: 5 மி.லி. என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த பாட்டில் என்று எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். மருந்தை வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வரை. உங்கள் மகளுக்கு அது 180 மி.கி.

அதாவது 120 மி.கி. பாட்டில் என்றால் 7.5 மி.லி. 250 மி.கி. பாட்டில் என்றால் 3.6 மி.லி. டிராப்ஸ் என்றால் 1.8 மி.லி. மட்டுமே. நீங்கள் கொடுக்கும் 5 மி.லி. முதல் வகையில் சற்றுக் குறைவு, இரண்டாவதில் அதிகம். அதே 5 மி.லி. டிராப்ஸாக இருந்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். வீட்டில் அக்கா பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலும் தங்கை பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கும்போதுதான் இந்தக் குழப்பம் நேர்கிறது. சமையல் ஸ்பூன் வேண்டாம், மி.லி. கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோ வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். சளிக்கென்று தனியாக ஒரு சிரப் கொடுத்தால் அதன் லேபிளையும் படியுங்கள், பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும்.

மருந்து கொடுத்தும் 98.6-க்கு வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கிருமியோடு உடம்பு போராடும்வரை காய்ச்சல் வந்து வந்து போகும். சாதாரண வைரஸ் காய்ச்சலே 3 முதல் 5 நாள் நீடிக்கும். மருந்தின் வேலை குழந்தையின் அசதியைக் குறைப்பது. 101-ல் எழுந்து உட்கார்ந்து பொம்மை கேட்கிறாள் என்றால் மருந்து வேலை செய்கிறது. நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம்.

காய்ச்சல் ஏறும்போது கை கால் சில்லிட்டு நடுங்கும். அந்த நேரம் மட்டும் மெல்லிய போர்வை போர்த்தலாம். உடம்பு கொதிக்க ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள், பருத்திச் சட்டை போதும். ஃபேன் ஓடலாம். ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் யூடிகொலோனும் கூடவே கூடாது. துடைத்துவிட விரும்பினால் வெதுவெதுப்பான தண்ணீரில், அதுவும் அவள் அழாமல் இருந்தால் மட்டும். வாய்வழி மருந்து தங்கும் குழந்தைக்கு ஊசி தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் இந்தியா 2011-லேயே தடை செய்துவிட்டது.

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. கஞ்சி, மோர், இளநீர், ரசம் சாதம், தாய்ப்பால் என எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஃபிட்ஸ் பற்றி: 6 மாதம் முதல் 5 வயது வரை, நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பார்ப்பதற்குப் பதறும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், மூளையைக் கெடுப்பதில்லை. வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பலனில்லை. அதைத் தேடும் நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் இருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். சீக்கிரம் நின்றாலும், முதல் முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, எப்போது ஓட வேண்டும்? 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தாலே உடனே. உங்கள் மகளைப் பொறுத்தவரை, காய்ச்சல் இறங்கிய பிறகும் துவண்டே கிடந்தால், எழுப்பினாலும் சரியாகப் பார்க்காவிட்டால், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் ராத்திரி என்று பார்க்காதீர்கள். அழாதபோது சட்டையைத் தூக்கிவிட்டு முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் என்றாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ தாமதிக்க வேண்டாம்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால், அவள் விளையாடிக்கொண்டிருந்தாலும் காட்டிவிடுங்கள். டெங்குவில் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. சூடு இறங்கியதும் கடும் வயிற்றுவலி, கை கால் சில்லிடல், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் என எது வந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். போகும்போது மருந்து பாட்டிலையும், எத்தனை மணிக்கு எத்தனை மி.லி. கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.