சோஃபியின் காகிதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜான் லெ காரேயின் ‘தி நைட் மேனேஜர்’ நாவலைத் தழுவி 2016இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடரைக் கோடை விடுமுறையில் பார்த்து முடித்தேன். பிறகு நாவலையும் வாசித்தேன். எங்கள் நண்பர்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. கெய்ரோ விடுதியில் நடக்கும் முதல் பகுதி இழுவை, மயோர்க்கா தீவு மாளிகைக்குள் கதாநாயகன் ஜொனாதன் பைன் உளவாளியாக நுழைந்த பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆயுத வியாபாரி ரோப்பர் கடைசியில் சிக்குவது எங்களுக்கு நிறைவாக இருந்தது. நாவலிலோ அவர் தப்பிவிடுகிறார். இவ்வளவு பாடுபட்ட பிறகு தோல்வியில் முடிப்பானேன் என்று புரியவில்லை. பர் என்ற உளவு அதிகாரியைத் தொடரில் பெண்ணாக மாற்றியது தேவையற்றது என்றும் சிலர் சொன்னார்கள். ஒரு தழுவல் மூலநூலுக்கு எந்த அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் விளக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள தம்பி,

பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை என்ற கடலுயிர் பிடிபட்ட செய்தி எங்கள் கரையில் அடிக்கடி வரும். ‘ரகசியத் தகவலின் பேரில்’ அதிகாரிகள் விரைந்தார்கள் என்று தொடங்கும் அந்தச் செய்தியில் எடை இருக்கும், மதிப்பு இருக்கும், பிடிபட்ட படகோட்டியின் வயதுகூட இருக்கும். தகவல் சொன்னவர் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்பது மட்டும் இருக்காது. அப்படியொரு செய்தியைப் படித்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் தழுவலின் இலக்கணம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

அந்த இலக்கணத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1993இல் வந்த நாவலில் முதல் வளைகுடாப் போரும் பஹாமாஸும் கொலம்பியப் போதைப்பொருள் கும்பல்களும் வருகின்றன. தொடரில் 2011 கெய்ரோ எழுச்சியும் மயோர்க்காவும் வருகின்றன. இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட லெ காரே, தொடரின் ஓர் உணவகக் காட்சியில் தாமே தலைகாட்டியும் இருக்கிறார். எழுதியவருக்கே இல்லாத மனத்தாங்கல் நமக்கு எதற்கு? பர் பெண்ணானதில் உங்கள் நண்பர்களுக்கு என்ன இடைஞ்சல் என்று எனக்கு விளங்கவில்லை. ஒலிவியா கோல்மன் கர்ப்பிணியாக இருந்தபோதே நடித்த அந்த அதிகாரியைத்தான் தொடரில் நான் முழுதாக நம்பினேன்.

ஆனால் கெய்ரோப் பகுதி இழுவை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது, தம்பி? அங்கே நடப்பதை மறுபடி எண்ணிப் பாருங்கள். சோஃபி என்ற பெண் சில காகிதங்களைக் கொண்டுவந்து, படி எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள் என்று விடுதியின் இரவு மேலாளரான பைனிடம் கொடுக்கிறாள். ரோப்பரின் ஆயுத வியாபாரத்தின் பட்டியல் அது. பைன் தன் நாட்டுக்கு நல்லது செய்வதாக எண்ணிப் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருக்கும் ஒருவரிடம் அதைச் சேர்க்கிறார். காகிதம் லண்டனுக்குப் போகிறது. லண்டனில் ரோப்பருக்கு வேண்டியவர்கள் இருப்பதால், அது வெளியே போன செய்தி அவர் காதுக்கே திரும்பி வருகிறது. சோஃபி கொல்லப்படுகிறாள். இதற்குப் பிறகு வரும் மாளிகை, விமானம், விருந்து அத்தனையும் இந்த ஒரு கொலைக்கு பைன் கட்டும் வட்டிதான். 2023இல் வந்த இந்தித் தழுவலும் எத்தனையோ மாற்றங்களைச் செய்துவிட்டு, டாக்கா விடுதியில் ஒரு சிறுமியின் சாவை மட்டும் விடாமல் முதலில் வைத்தது. எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களோ கதாநாயகனின் சட்டைக்கும் கடலோர மாளிகைக்கும் காத்திருந்து கொட்டாவி விட்டிருக்கிறீர்கள்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. 2001இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதைத் தடைசெய்தார்கள். நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. இலங்கையில் அனுமதி பெற்றுச் செய்யக்கூடிய தொழிலாகவே அது நீடித்ததால், சரக்கு இரவோடு இரவாக அந்தப் பக்கம் போகத் தொடங்கியது. தடை வந்த புதிதில், ஏர்வாடிக்குக் கிழக்கே ஒரு பனங்காட்டுக்குள் அட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். குடலை எடுத்து, பெரிய அண்டாவில் ஒரு முறை அவித்து, மேல்தோல் கழல்வதற்காக மணலில் புதைத்து, தோண்டி எடுத்துத் தேய்த்து மறுபடி அவிப்பார்கள். அந்த வாடை அரை மைலுக்கு வரும். ஆகவே ஊருக்கு அது ரகசியமே அல்ல. வெளியே போய்ச் சொல்வதுதான் ரகசியம்.

சொன்னவர் எனக்கு அண்ணன் முறை, பழைய குளியாள். மூச்சை அடக்கி முங்கி அட்டை எடுத்த காலத்தில் காது கெட்டுப்போனவர். பங்குக் கணக்கில் படகு முதலாளியான சம்மாட்டி ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் அவருக்கு இருந்தது. நாட்டுப்பற்று என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். காலைப் பேருந்தில் போய் ஓர் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அண்ணனுக்குக் காது மந்தம் என்பதால் ஒவ்வொன்றையும் உரக்க, இரண்டு தடவை கேட்டிருக்கிறார். சுவரோரம் கிடந்த பெஞ்சில் வேறு வேலையாக வந்த நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாலைப் பேருந்தில் அண்ணன் இறங்கும்போது ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அப்போது நான் தேநீர்க் கடையில்தான் இருந்தேன். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. கடைக்காரர் தேநீர் கொடுத்தார், காசை வாங்கவில்லை. எங்கள் ஊரில் கடைசியாக ஒருவருக்குக் கொடுக்கும் தேநீருக்குத்தான் காசு வாங்காமல் இருப்பார்கள். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்தபோது பனங்காட்டில் நனைந்த சாம்பலும் வாடையும் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகு அண்ணன் எந்த வத்தைப் படகுக்காரரிடம் போனாலும் “இன்னைக்கு ஆள் நெறஞ்சிருச்சுண்ணே” என்று மரியாதையாகவே சொன்னார்கள். கச்சான் காற்று எழும் முன்பே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அங்கே சாயப்பட்டறையில் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த மேசைக்காரர் விலைபோனவர் என்று நான் நினைக்கவில்லை. பெயரை உரக்கக் கேட்பதில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், குற்றத்தைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்தக் காவல் அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 125ஆம் பிரிவில் எழுதிவைத்தது. 2023இல் வந்த புதிய சட்டமும் அந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. நீதிபதியே கேட்டு வாங்க முடியாத ஒரு பெயரைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இலவசமாகக் கேட்டுக்கொண்டு போகிறார். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. நல்லதுதான், ஆனால் அது சாட்சிக்கு. கூண்டில் ஏறாமல், காதோடு சொல்லிவிட்டு அதே தெருவுக்குத் திரும்பிப் போகிறவருக்கு யாருடைய திட்டத்தில் இடம் இருக்கிறது?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் தோல்வி என்று எழுதிய நாவல் முடிவுக்கு வாருங்கள். ரோப்பரின் சொகுசுக் கப்பலில் பைன் சித்திரவதைப்பட்டுக் கிடக்கிறார். லண்டனில் இருக்கும் பர்ரிடம் வழக்கை வெல்லும் வழி எதுவும் மிச்சமில்லை. அவருடைய சின்ன அலுவலகத்தை மேலே இருப்பவர்கள் நசுக்கிவிட்டார்கள். அப்போது பர், ரோப்பருக்குத் துணைபோகும் உயர் அதிகாரி டார்க்கரை எதிர்கொண்டு, கையில் இல்லாத ஆதாரங்களை இருப்பதாகக் காட்டி மிரட்டுகிறார். அந்த மிரட்டலுக்கு ஈடாக அவர் கேட்டது ரோப்பரை அல்ல, பைனை. பைனும் அவரோடு ரோப்பரின் காதலியாக இருந்த ஜெட் என்ற பெண்ணும் விடுதலையாகிறார்கள். சரக்கும் ரோப்பரும் தம் வழியே போய்விடுகிறார்கள். பல காலம் கட்டிய வழக்கை, தான் உள்ளே அனுப்பிய ஓர் ஆளுக்காக அந்த அதிகாரி கைவிடுகிறார். சோஃபிக்கு நடந்தது இரண்டாவது முறை நடக்காமல் தடுக்கிறார். உளவுக் கதைகளில் இப்படி ஓர் அதிகாரியைக் காண்பது அரிது, எங்கள் கரையில் நான் கண்டதே இல்லை.

தொடரில் பர்ருக்கு இந்தத் தேர்வே வருவதில்லை. பைனும் பிழைக்கிறார், சரக்கும் வெடித்துச் சிதறுகிறது, பணத்தை இழந்த வாடிக்கையாளர்களே ரோப்பரை வண்டியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ரோப்பராக நடித்த ஹ்யூ லாரி அந்த வண்டிக்குள் கத்தும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிற முடிவை நிறைவு என்றும், ஆளைக் காப்பாற்ற வழக்கை விட்டுக்கொடுக்கும் முடிவைத் தோல்வி என்றும் பிரிக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் கவனமாக வாசிக்கக்கூடியவர் என்பது கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது ரோப்பரை விட்டுவிடுங்கள். நாவலின் கெய்ரோப் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு, சோஃபியின் காகிதங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எந்தக் கையில் அவளுடைய பெயரும் சேர்ந்து போயிற்று என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.